மணலில் புதைத்த பட்டு நூல்

கோடை விடுமுறையில் ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு அப்பா எங்களை மகாபலிபுரம் அழைத்துப் போவார். அம்மா புளிச்சோற்றை மந்தாரை இலையில் மடித்து, தறியில் மிச்சப்பட்ட பட்டு நூலால் கட்டுவாள். நெய்கிற வீட்டில் வாழைநாருக்கு யார் அலைவது? சாப்பிட்டதும் இலையையும் நூலையும் மணலில் புதைத்துவிடுவோம். மற்றவர்கள் காகிதத்தைக் காற்றில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் சுத்தக்காரர்கள் என்ற கர்வம்தான், வேறென்ன.

ஒரு வருஷம், நாங்கள் அப்போதுதான் புதைத்த இலையை ஒரு காகம் கிளறியது. அரக்கு நிற நூல் அதன் இரண்டு கால்களிலும் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. அப்பா துண்டைப் போட்டுக் காகத்தைப் பிடித்து, பல்லால் கடித்து நூலை எடுத்தார்.

"அதுவா அறுந்துபூடும்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

"நம்ம நூலு எங்கமா அறுந்துபூடும்?" என்றார் அப்பா.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பேச்சு அது. அன்று தலை குனிந்து சொன்னார்.

நாங்கள் எல்லோரும் மணலைக் கிளறி மற்ற பொட்டலங்களின் நூலையும் தேடி எடுத்தோம். போன வருஷங்களில் புதைத்ததை எங்கே போய்த் தேடுவது?