பயோடேட்டாவில் ஒரு லெக்சரர்

என் மகன் டெக்சஸில் ஒரு சின்னக் கல்லூரியில் ஃபுட்பால் உதவிக் கோச்சாக வேலைக்குச் சேர்ந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊர் கால்பந்துகூட இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். நாங்கள் குடியிருந்த இர்விங்கில் பழக்கமான தமிழர்கள் கேட்டால், "காலேஜ்ல இருக்கான்" என்பேன். அது பொய் இல்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கம்ப்யூட்டர் தேதிகளை 2000-க்கு மாற்றும் ஒய்-டூ-கே வேலைக்கென்று எங்கள் அபார்ட்மென்டில் புதிது புதிதாகப் பையன்கள் வந்து இறங்கினார்கள். நேற்று வந்தவனெல்லாம் "சாஃப்ட்வேர்" என்று நெஞ்சை நிமிர்த்த, இங்கேயே பிறந்து படித்த என் மகன் புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். சேர்ந்த புதிதில் அவன் வேலை அதுதான். கோடு போடுவது, வேர்வை நாறும் ஜெர்சிகளைத் துவைப்பது, எதிரணியின் வீடியோ டேப்பை ஓட்டி ஓட்டிக் குறிப்பெடுப்பது, வெளியூர் ஆட்டம் என்றால் வேன் ஓட்டுவது. இரண்டாம் வருடம் தடுப்பாட்டக்காரர்களைப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஃபோனில் துள்ளலாகச் சொன்னான். "சரி, மாஸ்டர்ஸ் எப்ப பண்ணப்போற?" என்று கேட்டேன். "அம்மாகிட்ட குடுங்க" என்றான்.

அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம். ஜாதகத்தோடு அனுப்ப நானே பயோடேட்டா தயாரித்தேன். வேலை என்ற இடத்தில் "காலேஜ் லெக்சரர்" என்று டைப் அடித்தேன். பின்னால் நின்ற என் மனைவி படித்துவிட்டாள்.

"கோச்னே போடுங்களேன். அதுல என்ன தப்பு?"

"நம்ம ஊர்ல அதுக்குப் பேரு பி.டி. மாஸ்டர். பி.டி. மாஸ்டருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்தான் என் கண்முன்னால் நின்றார். கணக்கு வாத்தியார் கேட்டால் தன் பீரியடை விட்டுக்கொடுத்துவிட்டு மரத்தடியில் விசிலோடு நிற்பார். அவரை யாரும் மதித்ததில்லை. நானும்தான்.

கிழக்குக் கரையோரம் பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து பதில் வந்தது. அப்பா, அம்மா, பெண் மூவரும் ஃப்ளைட் ஏறி வந்தார்கள். மகனும் நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்திருந்தான். அவர்கள் வருவதற்கு முன் அவனைப் படுக்கையறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

"கேட்டா லெக்சரர்னு சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"ஒய்?" என்றான். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

பெண்ணின் அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பி மறைத்த நெற்றி மட்டும் வெளுத்து, முகம் கறுத்திருந்தது. "தம்பி வெயில்ல ரொம்ப அலையறாப்ல இருக்கே?"

"டென்னிஸ்! லீவு நாள்ல டென்னிஸ் ஆடுவான்" என்றேன். அவன் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது.

"என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க?" என்று அவனிடமே கேட்டார் பெண்ணின் அப்பா.

மகன் என்னைப் பார்த்தான். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"ஹெல்த் சயின்ஸ், அங்கிள்" என்றான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. சின்ன வயதிலிருந்து பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அன்றைக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அவர்கள் சிரித்த முகத்தோடு ஊர் திரும்பினார்கள். நாலாம் நாள் மகன் ஃபோன் பண்ணினான். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னான். விருந்தாளிகள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையாம். அவளை ஏமாற்றவும் முடியவில்லையாம்.

"புத்தி இருக்காடா உனக்கு?" என்று கத்தினேன்.

அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "கோச்னு முதல்லயே சொல்லியிருந்தா நாங்க வேணாம்னு சொல்லியிருக்க மாட்டோம் சார். பையன்மேல ஒரு குறையும் இல்ல. அவரா கூப்பிட்டுச் சொன்னார் பாருங்க. சம்பந்தி வீடு இப்படின்னாதான் கொஞ்சம் யோசனையா இருக்கு" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சம்பந்தம் அதோடு நின்றது. நல்ல பெண். அவனுக்கும் பிடித்திருந்தது என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

அடுத்த வருடம், முன்பிருந்ததைவிடச் சின்ன வேறொரு கல்லூரியில் அவன் தலைமைக் கோச் ஆனான். அந்தச் செய்தியை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னைப் பிடிவாதமாக அவன் ஆட்டத்துக்கு அழைத்துப்போனாள். அதுவரை நான் அவன் மைதானத்தை மிதித்ததில்லை.

அவர்கள் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் மகன் ஒவ்வொரு பையனாகத் தோளைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். தூரத்தில் எங்களைக் கண்டதும் வேகமாக வந்தான். அவன் பின்னாலேயே கல்லூரித் தலைவரும் இரண்டு ஆட்டக்காரர்களும் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். மகன் குனிந்து, அவர்களுக்குப் புரியக் கூடாதென்று, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டான்.

"அப்பா, இவங்ககிட்ட உங்கள யாருன்னு சொல்லணும்? கோச்சோட அப்பான்னு சொன்னா உங்களுக்குப் பரவால்லையா?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே என்னிடம் அனுமதி கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் கோச்சின் அப்பா அம்மா என்று கையை நீட்டிச் சொன்னவள் என் மனைவிதான். நான் பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன்.