நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒரு தாயிடம், ஒரு வருடத்துக்கும் மேலாக, வாரம் தவறாமல் பொய் சொன்னேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்... எட்டாவது வரை படித்தவள் நான். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல. வெட்கம்!

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடி அறையில் தேன்மொழி குடியிருந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். பொதட்டூர்பேட்டைப் பெண், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. என் கணவர் இரும்பு ஆலைக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

செவ்வாய்தோறும் சிறுவாபுரி முருகனுக்கு விரதமிருப்பேன். அவள் வந்த புதிதில் ஒரு செவ்வாயன்று இட்லி கொண்டுபோனேன். "எனக்கும் இன்னிக்கு விரதம் ஆன்ட்டி" என்றாள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா உங்களுக்கு? இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! நெற்றியில் விபூதி பூசிவிட்டேன். அன்றிலிருந்து செவ்வாய் மாலைகளில் விளக்கேற்றிவிட்டு இருவரும் சேர்ந்தே சாப்பிட்டோம்.

பிறகு ஒருநாள் மாடியைப் பெருக்கப் போனேன். கட்டிலுக்கடியில் எனர்ஜி டிரிங்க் டின்கள், சிப்ஸ் பாக்கெட்டுகள், காய்ந்துபோன நூடுல்ஸ் கப்புகள்...

"இன்னாடி இது? சோறே துன்றதில்லையா நீ?"

சிரித்தாள். "தெனமும் விரதம்தான் ஆன்ட்டி! எங்க கிளாஸ்ல பாதி பேரு இப்டித்தான். எழுந்துக்கவே டைம் பத்தல, இதுல நாஷ்டா வேறயா?"

"விடிய விடிய போனை நோண்டிக்கினு இருந்தா எப்டி எழுந்துக்குவ?"

"எங்கம்மாவ விட பேஜாரு பண்றீங்களே!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அதுகிட்ட சொல்லிடாதீங்க. ஹாஸ்டல்ல தள்ளிடும்."

ஹாஸ்டல்... அந்த ஒரு சொல்லில், அவள் அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தேன். தூக்குவாளி மூடி திறக்காமலே திரும்பி வந்தது. அதற்குமேல் கண்டித்தால் போய்விடுவாளோ என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா போன் செய்வாள். "பொண்ணு ஒழுங்கா துன்னுதாக்கா?"

"நல்லா சாப்புடுதும்மா. செவ்வாயானா எங்கூட விரதம்கூட இருக்குது!"

முருகா! உன் விரதத்தைச் சொல்லியல்லவா என் பொய்க்கு மெருகு ஏற்றினேன்!

மூன்றாம் ஆண்டுப் பரீட்சையின்போது ரத்த வாந்தி எடுத்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "ஒழுங்கா சாப்பிடறதில்லையா?"

அவள் அம்மா பதறினாள். "நல்லா துன்னும் சார். இதோ, அக்காவக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேன்மொழியும் பார்த்தாள். நான்... ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும்!

அப்படியானால் வேறு என்ன வியாதியோ என்று தேடினார்கள். ரத்தமே இல்லாத அந்த உடம்பிலிருந்து இரண்டு நாள் ஊசி குத்திக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கத் தெரிந்த எனக்குப் பேசத் தெரியவில்லையே!

மூன்றாம் நாள் அவளே வாய் திறந்தாள். "நான்தான் சாப்புடல சார். ஆன்ட்டிக்குத் தெரியாம ஏமாத்திட்டேன்."

வயிறு முழுக்கப் புண் என்றார்கள். படிப்பு நின்றது. அறையைக் காலி செய்ய வந்த அவள் அம்மா என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெத்தவ மாதிரி பாத்துக்கினியேக்கா..." அப்போதாவது சொன்னேனா? இல்லை.

இப்போதும் அவள் அம்மாவிடமிருந்து போன் வரும். "பொண்ணுக்கு இன்னிக்கு ரெண்டு வாய் மோர்சோறு எறங்குச்சுக்கா" என்பாள். நான் "உம்" என்பேன்.

பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்கு அறை கொடுத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். இரக்கப்பட்டு, 'பாவம், அந்த வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியாது' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

எனக்குத் தெரியும்.