நனைந்த சேலையோடு இறங்கிய நாள்

போன வருஷம் ஆனி மாதம் நடந்தது இது. சுருளிப்பட்டியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கீழே ஊரில் அணைத் தண்ணீரை நம்பி நெல் நாற்றுப் பாவியிருந்தார். அணையில் தண்ணீர் ஏறவே இல்லை. கிணறும் வற்றி, நாற்றின் நுனி மஞ்சளாகத் தொடங்கியதும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கோ என் கவலை. மழை வலுத்தால் தோட்டத்தில் பாதியிலேயே அனுப்பிவிடுவார்கள், கூலி போய்விடும். அதனால் அன்று காலையில் ஜீப் மலையடிவாரப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது, "இன்னைக்கு மட்டும் மழையை நிறுத்திவையப்பா, தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

மேலே போய்க் களை எடுக்கக் குனிந்ததுதான் தாமதம், பேய்மழை! கிளைகள் முறிந்து விழவும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பிள்ளையாரைத் திட்டிக்கொண்டே, நடுங்கியபடி ஜீப்பில் இறங்கினேன். பாதி மலை இறங்கியதுமே மழையைக் காணோம். ஊரில் சுள்ளென்று வெயில். எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான். மேகத்தையெல்லாம் மலை அந்தப் பக்கமே மறித்து இறக்கிவிடும், நமக்குக் காற்றுதான் மிச்சம்.

சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்ததும் டீக்கடையில் இருந்த, வயல் வைத்திருக்கும் சம்சாரிகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஆத்தா, மேல மழையா?"

"ஊத்தித் தள்ளுது. என் பொழப்புதான் போச்சு" என்றேன் எரிச்சலாக.

அவ்வளவுதான், கடையே சிரித்தது. ஒருவர் சூடாக டீ வாங்கிக் கையில் திணித்தார். "குடிச்சிட்டு வயலுக்கு ஓடு. உங்க வீட்டுக்காரவுக காத்துக் கெடக்காக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே பெய்கிற மழைதானே அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்க வழியாக நம் வாய்க்காலுக்கு வரும்! சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், குளிரில் எனக்கு மறந்துபோச்சு.

வயலில் அவர் என் முந்தானையைப் பிடித்து நாற்றங்காலிலேயே பிழிந்தார். "அங்கன பெய்யறது நமக்குத்தான புள்ள! மழை வேணும்னு பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருந்தேன், காப்பாத்திட்டாரு" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாச்சு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை விடாமல் பெய்தது. அணையைத் திறந்தார்கள், நாற்று பிழைத்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று இருவரும் கோயிலுக்குப் போனோம். "எதுக்கு ரெண்டு தேங்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே இரண்டையும் உடைத்தேன். அவருடையது, வேண்டுதலைப் பிள்ளையார் கேட்டதற்கு. என்னுடையது, கேட்காமல் விட்டதற்கு. இப்போதும் தோட்டத்தில் மழை பிடித்தால், நனைந்துகொண்டே சிரிப்பது நான் ஒருத்திதான்.