மடியில் இரண்டு கை அரிசி

ஜனவரியில் புனேவுக்கு விடியல் தாமதமாகத்தான் வருகிறது. கோயமுத்தூரில் நன்றாக விடிந்துவிட்டிருக்கும் ஆறே முக்காலுக்கு, புனேயின் வாகட் பகுதியில் எங்கள் ஒன்பதாவது மாடி நடைபாதையில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா கோலம் போடுவாள். டைல்ஸ் தரையில் மாவு நிற்காது என்பதால் சாக்பீஸ். ஒன்பது மணிக்கு மாடி துடைக்கும் பெண் வந்து அதை அழித்துவிட்டுப் போவாள். மறுநாள் அம்மா மறுபடியும் போடுவாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

என் பிரசவத்துக்காக மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் அம்மா. எனக்கும் கணவருக்கும் ஹிஞ்சவாடியில் வேலை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்று மாதம் நீண்டு மூன்று ஜனவரிகளாகிவிட்டது. கணவருக்குக் கோயமுத்தூர் அலுவலகத்துக்கு மாற்றல் கிடைக்கும் என்று தெரிந்ததும், திரும்பிப் போவதற்கான காரணங்களை வழக்கம்போல் பட்டியலிட்டேன். பாப்பாவுக்குத் தமிழ் வர வேண்டும். எனக்குத் தினமும் இரண்டு மணி நேரம் போக்குவரத்தில் போகிறது. வாடகை. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக எழுதியது இது: அம்மாவுக்கு இங்கே யாரும் இல்லை.

எழுதும்போது எதிர்வீட்டுக் காகுவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காகு என்றால் இங்கே சித்தி மாதிரி. அம்மா வயதுதான் அவருக்கும். முதல் ஜனவரியில் சங்கராந்தி முடிந்த வாரம் கதவைத் தட்டி, அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஒரே மராத்திச் சொல் "ஹோ". ஆமாம் என்று பொருள். எதைக் கேட்டாலும் ஹோ.

"காகா காவாலா அஸ்தாத் கா?" வீட்டுக்காரர் ஊரிலா இருக்கிறார் என்று கேட்டாராம் காகு.

"ஹோ."

சாயங்காலம் டீக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறாள். அது ஹளதி-குங்கு. சுமங்கலிகளை மட்டும் அழைத்து மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டையும் சின்னப் பரிசும் தருவது. விஷயம் விளங்குவதற்குள் நெற்றியில் குங்குமம் வைத்தாகிவிட்டது. அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். ஊரில் அத்தை அழித்த பொட்டை, பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நான்தான் ஒரு கறுப்பு ஸ்டிக்கராக மறுபடி ஒட்டிவிட்டிருந்தேன். அதைப் பார்த்துக் காகு நம்பியிருக்க வேண்டும்.

அன்று அம்மா ஒரு ஸ்டீல் டப்பாவோடு திரும்பி வந்து, வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். "தெரியாம வெச்சுட்டாங்க கண்ணு" என்றாள். அழிக்கவில்லை. அடுத்த ஜனவரியில் தெரிந்தே போனாள். இந்த ஜனவரியில் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். இடையில் இருவரும் சேர்ந்து எத்தனை கிலோ பட்டாணி உரித்திருப்பார்கள்! காகு மராத்தியில் மருமகள்களைத் திட்டுவார். அம்மா கொங்குத் தமிழில் என்னைத் திட்டுவாள். இரண்டு பேரும் சரியான இடத்தில் தலையாட்டுவார்கள்.

ஊரில் அம்மாவின் இடம் எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் சீர் நடக்கும்போது சமையல்கட்டுப் பக்கம் நிற்பாள். யாரும் போகச் சொல்வதில்லை, அவளே போய்விடுவாள். போன வாரம் பெட்டி கட்டும்போது சொன்னாள்: "காகுகிட்டச் சொல்லிப்போடணும் கண்ணு. ஏமாத்திப்போட்டுப் போற மாதிரி இருக்குது."

"போற நேரத்துல எதுக்கும்மா? இங்க உனக்குன்னு இருக்கறது அவங்க ஒருத்தர்தான். அதையும் கெடுத்துக்காத."

சொன்ன பிறகுதான் என் பட்டியலின் முதல் வரி எனக்கே உறைத்தது. ஆனால் அதற்குள் சாமான் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது.

இன்று காலை, காலி வீட்டின் நடுவில் நாங்கள் நிற்கும்போது காகு தாம்பாளத்தோடு வந்தார். பிரிந்து போகும் சுமங்கலிக்கு இங்கே மடி நிரப்புவார்கள்: குங்குமம் வைத்து, முந்தானையில் அரிசி, தேங்காய், ரவிக்கைத் துணி. முதலில் எனக்கு. பிறகு தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. நெற்றியில் குங்குமம். ஒரு கை அரிசி. இன்னொரு கை. மூன்றாவதற்குக் காகு குனிந்தபோது அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காகா காவ் மே நஹீ. காகா நஹீ ஹை. மர் கயா." வீட்டுக்காரர் ஊரில் இல்லை, இறந்துவிட்டார் என்று தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னாள்.

காகு என்னைப் பார்த்தார். நான்கு வருடமாகிறது என்றேன். கையில் அள்ளியிருந்த அரிசி தாம்பாளத்துக்கே திரும்பியது.

"தீன் சங்கராந்த்!" என்றார். "ஆணி ஆஜ் சாங்தேஸ்?" மூன்று சங்கராந்தி, இன்றைக்குச் சொல்கிறாயா?

சடங்கைக் கெடுத்ததற்கு நான் இந்தியில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். காகு கையை வீசி என்னை நிறுத்தினார். குங்குமம் கிடக்கட்டும், என் வீட்டில் நடந்த ஒன்றையும் நான் இவளிடம் மறைத்ததில்லை, இவள் இதை எப்படி மறைத்தாள் என்று கேட்டார். 

"என்ன சொல்றாங்க? அழிச்சுக்கச் சொல்றாங்களா?" அம்மாவின் கை நெற்றிக்குப் போயிருந்தது.

"இல்லம்மா. முன்னாடியே சொல்லலீன்னு கோவம்."

"சொல்லியிருந்தாக் கூப்பிட்டிருப்பாங்களா? கேளு."

கேட்டேன். இரண்டு மருமகள்களை அடக்கி ஆளும் காகு தாம்பாளத்து அரிசியை விரலால் அளைந்தார்.

"மலா மாஹித் நாஹீ" என்றார் கடைசியில். எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில், தோள் உரச, தரையில் உட்கார்ந்தார். மீதி அரிசியை அவர் போடவும் இல்லை, போட்டதை எடுக்கவும் இல்லை. கீழிருந்து கணவர் கார் வந்துவிட்டதென்று போன் செய்யும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். எழுந்தபோது காகுதான் அம்மாவுக்குக் கை கொடுத்தார்.

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா தூங்குகிறாள். எனக்கும் தூக்கம் வருகிறது. மூன்று வருடத் தூக்கம். பக்கத்து நாற்காலியில் அம்மா முந்தானையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். உள்ளே அந்த இரண்டு கை அரிசி. ஒரு பையில் போட்டுத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

"கண்ணு, அங்க உங்க அத்தை வந்து நிப்பாளா?"

"வர்றேன்னாங்க."

அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பொட்டு இருக்குதா?"

"இருக்குதும்மா."

மற்ற கை நெற்றிவரை போனது. தொடாமல் ஒரு விரற்கடை தள்ளியே நின்றது.

"இருக்கட்டும்" என்றாள். "எறங்கறப்பப் பாத்துக்கலாம்."