தேங்காயெண்ணெய் விட்ட வால்வுகள்

கிளடிஸ் காலைத் தூக்கி உதைத்தார். கிக்கர் பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் இரும்பு இரும்பில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. மாரிக் குளிர் முழுவதும் ஸ்காபரோவில் எங்கள் கராச்சின் பின்கொட்டிலில் நின்ற மோட்டார் சைக்கிளை எடுத்துப்போக, கிளடிஸ் பார்க்டேலிலிருந்து தலைக்கவசமும் கையுமாக பஸ்ஸில் வந்திருந்தார். அறுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய தகப்பன் ஓட்டிய அந்த வண்டிக்கு அவரைவிட வயது கூட.

நான் அங்கே ரெலிபோன் எடுத்து, வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் பேசும் வேலையில் இருந்தேன். முதலாளி நீக்கிலாப்பிள்ளை அங்கிள் கார் திருத்துபவர். பழைய மோட்டார் சைக்கிள்களைக் குளிர்காலத்தில் வைத்துப் பராமரிக்கும் வேலையை வின்சன்ற் அண்ணையை நம்பித்தான் தொடங்கினார். இந்த மாரி பிழையில்லாமல் போனால் அண்ணைக்கு நிரந்தர வேலை என்பது பேச்சு. அதுவரை அவர் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் போரால் பெற்றோல் தடை இருந்த வருடங்களில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்தவர் அவர். மண்ணெண்ணெய் வால்வின் தண்டைக் காயவைத்துவிடும். எஞ்சின் ஒயிலும் கிடைக்காது. அதனால் தண்டுக்குச் சொட்டுச் சொட்டாகத் தேங்காயெண்ணெய் விடுவார். அவர் கைபட்ட வண்டி எதுவும் வழியில் நின்றதில்லை.

கிளடிஸின் வண்டியில் வால்வின் தண்டும் ஸ்பிரிங்கும் மூடியில்லாமல் வெளியே தெரியும். கையால்தான் எண்ணெய் விட வேண்டும். அண்ணை குனிந்து பார்த்தார். ஒரு வால்வு திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. பிஸ்டன் மேலே வந்து அதில் மோதியிருக்கிறது.

"என்னடாப்பா நடந்தது?" என்றார் அங்கிள்.

அண்ணை தண்டை நகத்தால் சுரண்டினார். மெழுகுபோல வெள்ளையாக வந்தது. மணந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன்.

"தேங்காயெண்ணெய், அண்ணை. கட்டியாப் போச்சு," என்று அங்கிளிடம் சொன்னார்.

"அது எப்பிடி உதுக்கை வந்தது?"

"நான்தான் விட்டனான். மாரிக்கு முன்னம்."

"ஏன், இஞ்சை பீப்பாயிலை இருக்கிற ஒயில் கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"ஒயில் கனநாள் நிண்டால் பிசினாப் போகுமெண்டு நினைச்சன்."

"உன்ரை வீட்டுப் போத்தல் மாரிக்கு உறையிறேல்லையோ?"

"உறையும். சுடுதண்ணியிலை வச்சு உருக்கித்தான் கொண்டு வந்தனான்."

அங்கிள் என்னைப் பார்த்தார். "கேட்டியே நிரூபா? உருக்கிக்கொண்டு வந்தவருக்குத் திரும்ப உறையுமெண்டு தெரியேல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் மாரியில் அந்தப் போத்தல் சுடுதண்ணீருக்குள்தான் நிற்கும். அன்று காலையும் நான் அப்படி உருக்கித்தான் தலைக்கு வைத்திருந்தேன்.

அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "ஸ்பிரிங் பழசு, களைச்சுப் போச்செண்டு சொல்லிவிடு பிள்ளை."

"வேண்டாம் தங்கச்சி," என்றார் வின்சன்ற் அண்ணை. "உள்ளதைச் சொல்லுங்கோ. கொட்டிலிலை நிக்கிற மற்ற நாலு வண்டிக்கும் அதைத்தான் விட்டிருக்கிறன். பின்னேரம் ஆக்கள் எடுக்க வருகினம்."

அங்கிள் பக்கத்தில் கிடந்த ரயரில் அப்படியே குந்திவிட்டார்.

"நாலுக்குமோ?"

"ஓம்."

"ஹீற்றரைப் பிடிச்சு உருக்கித் துடைச்சு விடுவம். ஒருத்தருக்கும் தெரியவராது."

"உள்ளுக்கை கொஞ்சம் நிண்டால்? ஹைவேயிலை ஓடுற ஆக்கள் அண்ணை. கழட்டித்தான் பாக்கவேணும்."

"இதெல்லாம் சொன்னாப் பிறகு உனக்கு இஞ்சை வேலை மிஞ்சுமெண்டு நினைக்கிறியோ?"

"இல்லை," என்றார் அவர்.

நான் கிளடிஸிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் விளங்காமல், சமையலுக்குப் போடுகிற எண்ணெயா என்று கேட்டார். தலைக்கும் வைப்பது என்றேன். அவர் என் பின்னலைப் பார்த்தார், பிறகு எஞ்சினைப் பார்த்தார். வண்டியின் பெற்றோல் ராங்கில் கையை வைத்தபடி நின்றார். அன்றே ஒரு ட்ரக்கைக் கூப்பிட்டு அதை ஏற்றிக்கொண்டு போனார். வேறு யாரோ திருத்தினார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

மற்ற நான்கு பேருக்கும் போன் செய்து, நடந்ததைச் சொல்லி, இன்று வரவேண்டாம் என்றேன். அண்ணை அதற்குள் கொட்டிலில் ஹீற்றரைப் போட்டுவிட்டு முதல் வண்டியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசைக்கும் போகவில்லை. ஒவ்வொரு வால்வையும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பீப்பாய் ஒயில் பூசித் திரும்பப் பூட்டினார்.

திங்கட்கிழமை நான்கு வண்டிகளையும் அங்கிள் தானே உதைத்துப் பார்த்தார். நான்கும் கிளம்பின. பிறகு உள்ளே போய், ரயர் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்துவந்து அண்ணையின் கையில் கொடுத்தார்.

"இனி ரயரைப் பார். எஞ்சின் பக்கம் வராதை."

"சரி அண்ணை."

அடுத்த மாரியில் பின்கொட்டிலில் மோட்டார் சைக்கிள் எதுவும் நிற்கவில்லை. வின்சன்ற் அண்ணை முன்பக்கத்தில் கார்களுக்குப் பனியில் ஓடும் ஸ்நோ ரயர் மாற்றிக்கொண்டிருந்தார்.