கையடித்துக் கொடுக்காத புதன்கிழமை

புஷ்பவள்ளி நாற்காலிகளைத் திருப்பிப் போடுகிறார். எதிரெதிரே கிடந்த இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில், சன்னலைப் பார்த்தபடி. நடுவில் ஒரு பை அவித்த நிலக்கடலை. "மூஞ்சப் பாத்துக்கிட்டே அழுவுறது கஷ்டம் லா. கை உரிச்சிக்கிட்டு இருந்தா வாய் தானா தொறக்கும்" என்பார். டத்தோ கிராமாட் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில், புதன்தோறும் பிள்ளைகளின் மனக்குறை கேட்க வரும் தொண்டர் அவர்.

முப்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் பழுது தேடிய கண்கள். ஓய்வு பெற்றதும் மூன்று மாதப் பயிற்சி எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். "வீட்டுல ரேடியோ, ஸ்கூல்ல ஊமை" என்று கணவர் லோகேஸ்வரன் சொல்வதில் பொய்யில்லை. பிள்ளைகளின் புத்தகப்பை காலில் பட்டுவிட்டால் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதுவும் ஒரு மருந்துதான்.

புஷ்பவள்ளி கையடித்துச் சத்தியம் செய்தால் கல்மேல் எழுத்து. அந்தப் பெருமைதான் வினையாயிற்று. போன வருடம் சாஹித் என்ற மாணவன் கையை நீட்டினான். யாரிடமும் சொல்வதில்லை என்று இவரும் அடித்துக் கொடுத்தார். வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாளும் வாக்கைக் காப்பாற்றினார். திங்கட்கிழமை பையன் மருத்துவமனையில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தத் திங்கட்கிழமையை இவர் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து முதல் கடலையை உரிக்குமுன் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார்: "உன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் சொல்லிருவேன். மத்ததெல்லாம் இந்த ரூமோட சரி."

இந்தப் புதன்கிழமை அதைச் சொல்ல மறந்துவிட்டார். நான்காம் படிவ மாணவி அபிராமி உள்ளே வரும்போதே விம்மிக்கொண்டு வந்தாள். தண்ணீர் கொடுப்பதா, வாக்கியம் சொல்வதா? தண்ணீர்தான் கொடுத்தார். பத்துக் கடலைக்குப் பிறகு, சன்னலைப் பார்த்தபடியே அந்தப் பெண் சொன்னாள்.

"கடுதாசி எழுதி வச்சிட்டேன் ஆன்டி. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

புஷ்பவள்ளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று இருபது. ஒன்றரைக்குப் பள்ளி வேன் வந்துவிடும். ஏறிவிட்டால் அபிராமி போகிற வீட்டில் மாலை வரை யாரும் இல்லை. பிள்ளைகள் 'சிக்கு', அதாவது டீச்சர், என்று கூப்பிடும் பள்ளி ஆலோசகர் சுலைஹாவின் அறையோ தாழ்வாரத்தின் கடைசியில்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது. சிக்குகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." அபிராமி கையை நீட்டினாள். உள்ளங்கையில் கடலைத்தோல் ஒட்டியிருந்தது.

புஷ்பவள்ளி அந்தக் கையைப் பிடித்தார். அடிக்கவில்லை.

"முடியாதுமா. இத மொதல்லயே சொல்லிருக்கணும், சொல்லாதது என் தப்பு. வா, சிக்கு சுலைஹாகிட்ட போவோம். நீ பேச வேணாம், நான் பேசுறேன். நீ பக்கத்துல இருந்தா போதும்."

"அப்ப நீங்களும் எல்லாரு மாதிரிதான்."

சுருக்கென்று தைத்தது. "திட்டு. நல்லா திட்டு. நாளைக்கும் நான் வருவேன், வந்து திட்டு."

தாழ்வாரத்தில் அபிராமி கையை இழுத்தாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவள் இழுப்பு பலமாக, இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த கடலைப் பை எங்கோ விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. சுலைஹாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம். தட்டுவதற்கு ஒரு கையை எடுத்தால் பெண் போய்விடுவாள்.

புஷ்பவள்ளி காலைத் தூக்கிக் கதவை உதைத்தார். ஒருமுறை, மறுமுறை. கால் பட்ட கதவைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அவரிடம் கை இல்லை.