இரண்டு மணி நேரம் பின்தங்கிய மாப்பிள்ளை

எங்கள் மெரிதா நகரத்தில் ஞாயிறு காலை ஏழு மணிக்குள் நெய்டி சப்லேயின் கடைக்குப் போகாதவன் பட்டினிதான். வாழையிலையில் கட்டி இரவெல்லாம் மண்குழியில் வெந்த பன்றிக்கறி பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். நெய்டிக்கு ஐம்பத்தொரு வயது. கணவனைப் பறிகொடுத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. வாய் மட்டும் இருபது வயதிலேயே நின்றிருந்தது.

ஒரு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு இலாரியோ அந்தக் கடை முன்னால் வந்து நின்றார். ஓட்டல் ஒன்றுக்கு ஏசி மாட்டும் வேலையாக நாட்டின் மறுகோடியிலிருந்து வந்தவர்.

"கறி இருக்காம்மா?"

"உச்சி வெயில்ல கறி கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். எந்த ஊருய்யா உமக்கு?"

"திஹுவானா. எங்க ஊர்ல இப்ப மணி பத்துதான்."

"பத்துன்னாலும் தீந்துதான் போயிருக்கும். போயிட்டு வாரும்."

அடுத்த ஞாயிறு ஆறரைக்கே வந்தார். அதற்கடுத்த வாரம் அவரே அடுப்புக்கு விறகு உடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் குளிர்காலம் வந்துவிட்டதென்று ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருந்த அதே வாரத்தில் ஓட்டல் மொட்டைமாடியில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார். "ஊருக்கெல்லாம் குளிர் மாட்டுற மனுசன் வெயில்ல கவுந்துட்டாரே" என்று சிரித்தபடி நெய்டி இளநீரோடு ஓடினாள். ஓடியவள் நெஞ்சைத் தொலைத்துவிட்டுத் திரும்பினாள்.

டிசம்பரில் அவர் ஊர் போனபின் தினமும் போன் வரும். அவர் வேலைக்குக் கிளம்பும் ஏழு மணி இவளுக்கு ஒன்பது.

"இங்க ஒம்பது டிகிரி நெய்டி. சுகமா இருக்கு."

"அது பிணத்துக்குச் சுகம். இங்க முப்பத்திரண்டு."

கல்யாணத்தில் இருவருக்கும் சந்தேகமில்லை. யார் ஊரை விடுவது என்பதில்தான் இரண்டு இதயங்களும் முட்டிக்கொண்டு அழுதன. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "பத்து நாள் வந்து இருந்து பாக்குறேன். ஒத்துக்கிட்டா உண்டு. இல்லன்னா போனையும் நிறுத்திருவோம்." அன்று இலாரியோ வேலைக்கே போகவில்லையாம்.

பிப்ரவரி கடைசியில் மூன்று ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நெய்டி திஹுவானாவில் இறங்கினாள். இலாரியோவின் அக்கம்பக்கத்தில் சேலா என்ற பெண் வீட்டில் தங்கல். காற்று ஊசியாகக் குத்தியது. மூன்று நாள் பல் கிட்டித்தே போயிற்று. கட்டிலில் படுத்தால் முதுகுக்குத் தூக்கமில்லை. எங்கள் ஊரில் வலைத்தூளியில்தான் பிறக்கிறோம், தூங்குகிறோம், சாகிறோம்.

இதைக் கேள்விப்பட்ட இலாரியோ, மலைச்சரிவில் இருந்த தன் வீட்டில் இரண்டு பெரிய கொக்கிகளை அடித்து, வலைத்தூளி ஒன்றைக் கட்டி, நாலாம் நாள் அவளை விருந்துக்கு அழைத்தார். சாப்பாடு முடிந்ததும் நெய்டி நேரே போய் அதில் சாய்ந்தாள். மெரிதாவில் கல் சுவர் எழும்பும்போதே கொக்கியும் உள்ளே போய்விடும். கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. திஹுவானா வீட்டின் சுவரோ வெறும் பலகை. சந்தோஷத்தில் இலாரியோவும் அவள் காலடியில் உட்கார்ந்தார்.

மடமடவென்று ஒரு சத்தம். தெருப்பக்கச் சுவர் முழுசாகப் பெயர்ந்து வெளியே சாய்ந்தது. இருவரும் தரையில் கிடக்க, தெருவே பார்த்தது.

"ஏன் இலாரியோ, ஜன்னல் வேணும்னா தச்சனைக் கூப்பிடக் கூடாதா?" என்றாள் சேலா.

இலாரியோவின் கண்கள் நிறைந்தன. "நீ உன் ஊருக்கே போயிரு நெய்டி. உன் பாரத்தைத் தாங்க என்கிட்ட ஒரு சுவர்கூட இல்ல."

"அழுறதுன்னா அழும். என் பாரத்தை எதுக்கு இழுக்கீரு?"

அதற்குள் தெரு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒருவர் சுத்தியல், ஒருவர் பலகை, இன்னொரு வீட்டிலிருந்து ஒரு சட்டி அவரைக்காய்க் குழம்பு. சுவரைத் தூக்கிப் பிடிக்க நெய்டியும் தோள் கொடுத்தாள்.

பக்கத்தில் பிடித்திருந்த சேலா கேட்டாள்: "நீ வந்து எத்தனை நாளாச்சு?"

"நாலு."

"எனக்கு முப்பது வருசம். அந்தா, அந்த ஆளுக்கு ரெண்டு மாசம். இந்தத் தெருவுல பொறந்ததுன்னா அந்த நாய் மட்டுந்தான்."

நெய்டியின் கை சுவரிலேயே இருந்தது, மனம் எங்கோ போய்விட்டது. மெரிதாவில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் "பாவம், ரமோனின் விதவை" என்றுதான் தொடங்குவார்கள். எட்டு வருடமாக அந்தப் பாவத்தைத் தலையில் சுமந்தாள். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. எப்போது வந்தாய் என்பதோடு விசாரணை முடிந்துவிட்டது. குளிரில் உடம்பு நடுங்கியது. ஆனால் நெஞ்சு எட்டு வருடத்துக்குப் பிறகு லேசாக இருந்தது.

"இங்க பாரும்" என்றாள், ஆணி அடித்துக்கொண்டிருந்தவரிடம். "அடுத்த மாசம் கல்யாணம் எழுதிருவோம். இந்த ஊர்லயே இருக்கேன். கனமா ரெண்டு கம்பளி மட்டும் வாங்கிப் போடும். என்ன, சரியா?"

இலாரியோவின் வாயில் நாலு ஆணிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினார், கண்ணீர் தாடையில் வழிந்தது.

"அழுறது உன் இஷ்டம் தம்பி," என்றாள் சேலா. "ஆணிய மட்டும் முழுங்கிராத."